சமன் பிரிவில் ஒரு கட்டைவிரல்

“மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒண்ணாய்யா?”

“ஐயா, தந்தியில பல்லுன்னுதான் இருக்கு. மேலன்னும் இல்ல, கீழன்னும் இல்ல.”

“இல்லன்னா நீரே முடிவு பண்ணிடுவீரா? நாம கீழ எடுத்துட்டு, அவன் மேல எடுத்திருந்தா? கப்பல் துறையில ரெண்டு பேரும் வாயத் திறக்கும்போது நம்ம மானம் என்னாகும்?”

“அப்ப மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டையும் எடுத்துடலாங்களா?”

“உம்ம இந்த வேலைக்கு சிபாரிசு பண்ணவன முதல்ல புடிக்கணும். நாம ரெண்டு எடுத்தா அவன் இன்னொண்ணு எடுப்பான். அது நம்மாளு பல்லுய்யா.”

கதவு பாதி திறந்திருந்துச்சு. வெளியில பெஞ்சுல உக்காந்திருந்த தையல்காரருக்கு அத்தனையும் காதுல விழுந்துச்சு. யாரோ பாவம், யாரோட பல்லோன்னு நினைச்சுக்கிட்டே, மடியில இருந்த தொப்பியோட ஓரத்துல பிரிஞ்சிருந்த நூல நகத்தால அழுத்தி விட்டுக்கிட்டிருந்தாரு. அப்பதான் உள்ளயிருந்து குமாஸ்தா எட்டிப் பார்த்து, “ஜோடி எண் இருநூத்திப் பதினாலு, உள்ள வாங்க” அப்படின்னாரு.

இருநூத்திப் பதினாலு இவருதான்.

அஞ்சு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் இவருக்கு எண் கிடையாது. கடைத்தெருவுல மூணாவது கடை, வாசல்ல ஒரு தலையில்லாத பொம்மைக்கு கோட்டு போட்டு நிறுத்தியிருப்பாரு, அவ்வளவுதான் அடையாளம். மூணு வயசுல அப்பா தோள்ல உக்காந்து இந்த நாட்டுக்குள்ள வந்தவரு. நாப்பத்தெட்டு வருஷமா இங்கதான். போர் வந்துச்சு. ஒருநாள் காலைல ரெண்டு பேர் வந்து, “நீங்க அந்த நாட்டுல பொறந்தவர், அதனால எதிரி, கையில சாமான் எடுத்துக்குங்க”ன்னாங்க. கையில அப்ப அளவு நாடா இருந்துச்சு. அதோடயே போனாரு.

அந்தப் பக்கமும் இதே மாதிரி இந்த நாட்டு ஆளுங்களப் புடிச்சு வச்சிருந்தாங்க. நடுநிலை நாட்டுக்காரங்க பேசிப் பேசி ஒரு ஏற்பாடு பண்ணாங்க. ரெண்டு கப்பல். இங்கேர்ந்து முன்னூத்திப் பதினோரு பேர், அங்கேர்ந்து முன்னூத்திப் பதினோரு பேர். தலைக்குத் தலை, தொழிலுக்குத் தொழில். டீச்சருக்கு டீச்சர், ரொட்டிக்கடைக்கு ரொட்டிக்கடை. தையல்காரருக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரர் ஜோடி. பேர் தெரியாது. அவரும் இருநூத்திப் பதினாலுதான்.

இது வரைக்கும் நல்ல காரியம்தான். ஆனா நல்ல காரியத்துக்கு ஒரு ஆபீஸ் வச்சாங்க. ஆபீஸுக்கு ஒரு சமன் பிரிவு வச்சாங்க.

பிரிவுத் தலைவர் மேஜைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தாரு. அவர் போட்டிருந்த சாம்பல் கோட்டு இவர் தச்சதுதான். போன வருஷம் வயித்துக்கிட்ட ஒரு இஞ்சு விட்டுக் குடுத்ததுகூட இவருக்கு ஞாபகம் இருந்துச்சு.

“உக்காருங்க. உங்க ஜோடிக்கு ஒரு பல்லு இல்லன்னு தகவல் வந்திருக்கு. உங்களுக்கு எல்லாம் இருக்கு.”

“ஆமாங்க. இது வரைக்கும் ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க.”

“அதுதான் தொந்தரவு. முழு ஆள அனுப்பிட்டு குறை ஆள வாங்கிட்டு வந்தா நாளைக்கு சரித்திரம் எங்களக் கேக்கும். புரியுதா? நாங்க யாரையும் அடிக்கிறதில்ல. அடிக்கறது காட்டுமிராண்டி வேலை. நாங்க சமன் பண்றோம்.”

“வலிக்குங்களா?”

“அடிச்சா வலிக்கும். இது நிர்வாகம்.”

மூலையில கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தவரு எந்திரிச்சாரு. அவர எல்லாரும் இடுக்கின்னுதான் கூப்பிடுவாங்க. பல்லுக்குப் படிச்சவங்க எல்லாம் போர்முனைக்குப் போயிட்டதால, குதிரைக்கு லாடம் அடிச்சுக்கிட்டிருந்த இவரப் புடிச்சு வேலைக்கு வச்சிருந்தாங்க. நல்ல மனுஷன். தையல்காரர் தலைய அக்குள்ல இடுக்கிக்கிட்டு, “குதிரைன்னா காலத் தூக்கிப் புடிக்கணும், மனுஷன்னா தலைய. வேற வித்தியாசம் இல்ல”ன்னு ஆறுதலா சொல்லிட்டு, மேல இடது பக்கம் இரும்ப வச்சு முறுக்கினாரு. முதல் முறுக்குல பல்லு உடைஞ்சுது. ரெண்டாவதுல பாதி வந்துச்சு. மூணாவதுல வேரோட ஈறும் கொஞ்சம் சேர்ந்து வந்துச்சு. இவர் உதைச்ச உதையில மேஜையில இருந்த மைப்புட்டி கவுந்து, பிரிவுத் தலைவர் கோட்டுல தெறிச்சுது.

“பாருங்க, கோட்டு” அப்படின்னாரு தலைவர், மனசு நொந்து.

வாயில ரத்தத்தோட தையல்காரர் சொன்னாரு, “உப்பு போட்டு உடனே தேச்சீங்கன்னா போயிடுங்க.”

பல்ல ஒரு உறையில போட்டு, மேல எண் எழுதி, ‘விருப்பத்தோட குடுத்தேன்’னு ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க.

எல்லாரையும் வச்சிருந்தது துறைமுகத்துப் பழைய கிடங்குல. தரையில சுண்ணாம்புல கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு எண். தையல்காரரோட வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் எண் கிடையாது. அந்தம்மா இந்த நாட்டுலயே பொறந்தவங்க. புருஷனோட போறேன்னு அவங்களா வந்தாங்க. ஆனா அந்தப் பக்கத்துத் தையல்காரருக்குக் கல்யாணம் ஆகல. ஜோடி இல்லாத ஆள எப்படி அனுப்பறதுன்னு ஆபீஸ்ல ரெண்டு நாள் யோசிச்சு, கடைசியில கைச்சாமான்ல சேர்த்துட்டாங்க. கைச்சாமான் அறுபது கிலோ வரைக்கும் போகலாம். அந்தம்மா அம்பத்தெட்டு. மிச்சம் ரெண்டு கிலோவுக்கு தையல்காரர் பெரிய கத்திரியையும் நூல் பெட்டியையும் எடுத்துக்கிட்டு, தையல் மெஷின விட்டுட்டு வந்தாரு.

“வாயத் திறங்க” அப்படின்னாங்க அந்தம்மா. பார்த்தாங்க. முந்தானையில ரத்தத்தத் தொடச்சாங்க. “நல்ல பல்லு. கடலையெல்லாம் கடிச்ச பல்லு. சரித்திரம் கேக்கும்னானே அந்த ஆளு, பல்லுக்குச் சொந்தக்காரர் உங்கள ஒரு வார்த்தை கேட்டானா?”

“விடும்மா. ஒரு பல்லுதானே. கை நல்லா இருக்கு. கை இருக்கற வரைக்கும் எங்க போனாலும் பொழச்சுக்கலாம்.”

இதத்தான் அவர் தினமும் சொல்லிக்கிட்டிருந்தாரு. போற நாடு அவருக்குத் தெரியாது. அங்க ஒரு சொந்தக்காரன் கிடையாது. வயசு அம்பத்தொண்ணு. கையில இருக்கறது ரெண்டு கிலோ சாமானும், கத்திரி வளையத்துக்குள்ள போற அந்த வலது கட்டைவிரலும்தான்.

கிடங்குல காலைல எந்திரிச்சதும் ஒருத்தர ஒருத்தர் நலம் விசாரிக்கறது வேற மாதிரி இருந்துச்சு. “உங்காளு எப்படி இருக்காரு?” “தெரியலீங்க, நல்லா இருக்கணும்.” எதிரி நாட்டுல இருக்கற, மூஞ்சியே பார்க்காத ஒருத்தர் சளி புடிக்காம இருக்கணும், மாடிப்படியில விழாம இருக்கணும்னு முன்னூத்திப் பதினோரு பேரும் உருகி வேண்டிக்கிட்டாங்க. ரெண்டு நாட்டு மக்களும் ஒருத்தர் மேல ஒருத்தர் இவ்வளவு அக்கறையா இருந்தது அதுக்கு முன்னாடி எப்பவும் கிடையாது.

எண்பத்தெட்டாம் எண் கடிகாரக்காரரு. அவர் ஜோடி அங்க காய்ச்சல்ல செத்துட்டதா ஒருநாள் தந்தி வந்துச்சு. காலைச் சாப்பாடு முடிஞ்சதும் கூப்பிட்டாங்க. அவர் எந்திரிச்சு, டம்ளரக் கவுத்து வச்சுட்டு, “எனக்கு காய்ச்சல் இல்லையே”ன்னு குமாஸ்தாகிட்ட சொல்லிக்கிட்டே போனாரு. கிடங்குக்குப் பின்னாடி ஒரு வெடிச் சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. முதல்ல சரியா படல போல. அன்னிலேர்ந்து முன்னூத்திப் பத்துக்கு முன்னூத்திப் பத்து. ‘சமன்’னு சுவர்ல எழுதிப் போட்டாங்க. டம்ளர் மூணு நாள் அப்படியே கவுந்து கிடந்துச்சு.

பக்கத்துக் கட்டத்துல ரொட்டிக்கடையம்மா. அவங்க எண்பது கிலோ, அந்தப் பக்கத்து ரொட்டிக்காரி பட்டினி கிடந்து நாப்பத்தொண்ணு. அதனால இவங்களுக்கும் சாப்பாட்ட நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துச்சு. ஆனா இவங்க தொப்பை குலுங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க.

“உங்களுக்கு மட்டும் எப்படிங்க?” அப்படின்னு தையல்காரரம்மா கேட்டாங்க.

“ஒரு சந்தேகம் கேட்டேன்டி. அவ நாப்பத்தொண்ணு செருப்போடயா, செருப்பு இல்லாமயான்னு. அவ்வளவுதான். சந்தேகம் தந்தியில போச்சு. பதில் வர்ற வரைக்கும் ஆளத் தொடக் கூடாதாம், அதான் விதி. அடுத்த பதில் வந்தா எந்த வேளைன்னு கேப்பேன், சாப்பிடறதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு.”

தையல்காரரம்மா அத மனசுல முடிஞ்சு வச்சுக்கிட்டாங்க.

காது போனது ஒரு பட்டனால. எண்ணறதுக்கு வரிசையில நிக்கும்போது முன்னாடி நின்னவர் சட்டையிலேர்ந்து ஒரு பட்டன் விழுந்துச்சு. தையல்காரருக்குக் கீழ விழுந்த பட்டனப் பார்த்துட்டு சும்மா நிக்க வராது. குனிஞ்சாரு. காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால ஒரே போடு. இடது காதோட மேல்பாதி கிழிஞ்சு தொங்குச்சு. விழுந்தவர இடுப்புல ரெண்டு உதை. பட்டன் கைக்குள்ளயே இருந்துச்சு. வீட்டுக்காரம்மா ஊசியக் கொதிக்கிற தண்ணியில முக்கி, வெள்ளை நூலால காதத் தச்சாங்க. “சின்னத் தையலா போடும்மா”ன்னு கீழ கிடந்து இவரே சொல்லிக் குடுத்தாரு. மேல்துண்டு மட்டும் ஒட்டல. மூணாம் நாள் கருத்து விழுந்துடுச்சு.

பிரிவுத் தலைவர் வந்து பார்த்தாரு. முகம் செவந்துடுச்சு.

“யார் பண்ண வேலை இது? காரணம் எழுதாம அடிச்சிருக்கான். ஒரு தாள் இல்ல, ஒரு எண் இல்ல. இத நான் எந்தக் கோப்புல வைப்பேன்?” காவல்காரனக் கூப்பிட்டு எழுத்துல மன்னிப்பு வாங்கிக்கிட்டாரு, ஆபீஸ்கிட்ட. அப்புறம் குமாஸ்தாவப் பார்த்து, “அந்தப் பக்கத்துக்குத் தந்தி குடும். நம்ம இருநூத்திப் பதினாலுக்கு இடது காது மேல்பாதி இல்ல. உங்க இருநூத்திப் பதினால தகுந்தபடி பண்ணவும்.”

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. “ஐயா, வேண்டாங்க. அவர் என்ன பண்ணாரு?”

“அவர் உங்க ஜோடி.”

“எனக்கு காது இல்லன்னா நான் தொப்பி போட்டுக்கறேங்க. அதுவுமில்லாம அவரு உங்க நாட்டு ஆளாச்சேங்க. நீங்க மீட்டுக்கிட்டு வர்ற ஆளு.”

“அதனாலதான் விட்டுக் குடுக்க முடியாது” அப்படின்னாரு தலைவர். “நம்மாளு ஒரு காதோட வந்து இறங்கினா, அவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்னு கேக்கறீங்களா? நிமிர்ந்து முழிப்பேன். ஏன்னா எதிரிக்கும் ஒரு காதுதான்.”

பதினோரு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. ‘காது, செய்யப்பட்டது.’ அன்னிக்கு முழுக்க தையல்காரர் சாப்பிடல. அந்த ஆளு யாரோ, எப்படி இருப்பாரோ, காது போன ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க முடியாம தவிப்பாரேன்னு நினைச்சுக்கிட்டிருந்தாரு. அது அவருக்குத்தான் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?

கப்பல் கிளம்ப ரெண்டு வாரம் இருக்கும்போது திரும்பக் கூப்பிட்டாங்க. இந்தத் தடவ வீட்டுக்காரம்மாவும் கூடவே போனாங்க. கைச்சாமான்கறதால தடுக்க விதி இல்ல.

குமாஸ்தா தந்தியப் படிச்சாரு. “உங்கள் பட்டியலின்படி எங்கள் இருநூத்திப் பதினாலுக்கு வலது கட்டைவிரல் நீக்கப்பட்டது.”

“நம்ம பட்டியல்படியா?” தலைவர் கோப்பப் புரட்டினாரு.

கோப்புல, கைநாட்டு வைக்கற கட்டத்துல ஒரு கருப்புத் தீத்தல் மட்டும் இருந்துச்சு. கோடு ஒண்ணுகூட இல்ல. முப்பத்தஞ்சு வருஷம் பெரிய கத்திரி வளையத்துல உராஞ்சு உராஞ்சு தையல்காரரோட கட்டைவிரல் கூழாங்கல்லு மாதிரி வழவழன்னு ஆயிருந்துச்சு. ரேகை தேஞ்சே போச்சு. கட்டத்துக்குக் கீழ யாரோ அழகான கையெழுத்துல எழுதியிருந்தாங்க: ‘ரேகை விழவில்லை. விதி பன்னிரண்டின்படி விரல் இல்லாதவராகக் கருதப்படுகிறார்.’

தையல்காரர் தன் விரலப் பார்த்தாரு. “அப்ப... என் ரேகை விழாததுக்காக அங்க அவர் விரல எடுத்துட்டாங்களா?”

“வேகமான ஆபீஸ்” அப்படின்னாரு தலைவர், கொஞ்சம் பொறாமையோட. “இப்ப அவனுக்கு விரல் இல்ல. உங்களுக்கு இருக்கு.”

“அவரும் தையல்காரருங்க.”

“தெரியும். ஜோடியாச்சே.”

வீட்டுக்காரம்மா முன்னாடி வந்தாங்க. “ஐயா, தப்பு உங்க தாள்ல. பட்டியல் தப்புன்னு எழுதிப் போட்டா முடிஞ்சுது. போன விரலுக்கு நீங்க ரெண்டு ஆபீஸும் பதில் சொல்லிக்கோங்க. இருக்கற விரல விடுங்க.”

தலைவர் மூக்குக் கண்ணாடியக் கழட்டினாரு. “அம்மா, இந்தப் பட்டியல்ல மந்திரி கையெழுத்து இருக்கு. ஆளத் திருத்தலாம். பட்டியலத் திருத்த முடியாது. எதிரி காட்டுமிராண்டி, கண்ண மூடிக்கிட்டு வெட்டுவான். நாம நாகரிகமானவங்க. அளந்து வெட்டுவோம். இன்னிக்கு உங்க வீட்டுக்காரர் விரலுக்கு இரக்கப்பட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு விரலோட வந்து நிப்பாங்க.”

இடுக்கி ஒரு மரக்கட்டையக் கொண்டாந்து மேஜையில வச்சாரு. உளியும் சுத்தியும். தையல்காரர் கைய ரெண்டு காவல்காரங்க அழுத்திப் புடிச்சாங்க. அவர் வேணாங்க வேணாங்கன்னு முதல்ல மெதுவா சொன்னாரு, அப்புறம் கத்தினாரு, ஒருத்தன் கையக் கடிச்சாரு. வாய்லயே ஒரு குத்து விழுந்துச்சு. உளி நகத்துக்குக் கீழ தோல்ல பட்டு ஒரு கோடு ரத்தம் வந்துச்சு.

“ஒரு சந்தேகம்” அப்படின்னாங்க வீட்டுக்காரம்மா.

சுத்தி மேலயே நின்னுடுச்சு. குமாஸ்தா பேனாவ எடுத்துட்டாரு. தலைவர் நிமிர்ந்து உக்காந்தாரு. ஆபீஸ்ல சந்தேகம்கற வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை.

“அந்த ஆளு வலது கையால வெட்டறவரா, இடது கையாலயா? அவர் இடது கைக்காரர்னா, போனது சும்மா இருந்த விரல். இவரோடது வேலை செய்யற விரல். ரெண்டும் எப்படிங்க சமன்?”

தலைவர் ரொம்ப நேரம் அந்தம்மாவையே பார்த்தாரு. “நியாயமான சந்தேகம். எழுதும்யா.”

மூணு நாள் கிடைச்சுது. பதில் வந்துச்சு: ‘வலது கைக்காரர்.’ மறுபடி மரக்கட்டை, மறுபடி உளி. மறுபடி அந்தம்மா. “எந்தக் கணு வரைக்கும் எடுத்தாங்க?” மூணு நாள். பதில்: ‘முதல் கணு வரை. திருப்தி இல்லையெனில் தெரியப்படுத்தவும்.’

“முதல் கணுன்னா நகத்துலேர்ந்து எண்ணணுமா, மணிக்கட்டுலேர்ந்து எண்ணணுமா?”

அதுக்கு நாலு நாள். பதில்: ‘இப்போது எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் சரியாக வரும்.’

“ஒழுங்கான ஆபீஸ்யா அது” அப்படின்னு தலைவர் தலைய ஆட்டினாரு. தையல்காரருக்கு அந்த வாக்கியம் ஒரு மாதிரி நெருடுச்சு. ஆனா உளி பக்கத்துல இருக்கும்போது வாக்கியத்த எவன் யோசிப்பான்? வீட்டுக்காரம்மா அடுத்ததத் தயாரா வச்சிருந்தாங்க. கட்டைவிரலோட அடி எலும்பு விரலச் சேர்ந்ததா, உள்ளங்கையச் சேர்ந்ததா?

கிடங்குக்குத் திரும்பி நடக்கும்போது தையல்காரர், “நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்”ன்னாரு.

“உங்களக் கட்டிக்கிட்டு அளவு சரியில்லன்னு வந்த ஆளுங்களோட முப்பது வருஷம் பேசியிருக்கேன். அதவிட வேற என்ன படிப்பு?”

அன்னிக்கு ரெண்டு பேரும் சிரிச்சாங்க. கிடங்குக்கு வந்தப்புறம் சிரிச்சது அது ஒரு தடவதான்.

கப்பல்ல ஏத்துன காலையில நாலாவது பதில் வந்துச்சு. ‘இனி அந்தக் கேள்விக்கு இடமில்லை.’ உளி எடுக்க நேரம் இல்ல. கப்பலோ நடுநிலை நாட்டுக் கப்பல், வெள்ளை பெயின்ட் அடிச்சது. அதுல யாரையும் தொடக் கூடாதுன்னு ஒப்பந்தம். “பரவாயில்ல, ஆள் மாத்திக்கற துறையில வச்சு முடிச்சுக்கலாம்” அப்படின்னு தலைவரும் ரெண்டு காவல்காரங்களும் கூட ஏறினாங்க. இடுக்கி சாமான் பெட்டியோட ஏறினாரு. ஆறு நாள் பயணம். இடுக்கி ஆறு நாளும் கம்பியப் புடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தாரு. தையல்காரர் அவருக்குத் தண்ணி கொண்டு குடுத்தாரு.

நடுநிலை நாட்டுத் துறையில கப்பல் ரெண்டும் எதிரும் புதிருமா நின்னுச்சு. நடுவுல கல் பாவின மேடை. மேடைக்குக் குறுக்க ஒரு வெள்ளைக் கோடு. இந்தப் பக்கம் ஒரு எண் கூப்பிட்டா அந்தப் பக்கமும் அதே எண். ரெண்டு பேரும் கோட்டுக்கு வரணும். நடுநிலை அதிகாரி குடை புடிச்சுக்கிட்டு, பூதக்கண்ணாடி வச்சு ரெண்டு பேரையும் ஒப்பிட்டுப் பார்த்து, ‘சமன்’னு சொன்னதும் பக்கம் மாறி நடக்கணும்.

“இருநூத்திப் பதினாலு.”

தையல்காரர் போனாரு. பின்னாடி கைச்சாமான் போச்சு, தலையில நூல் பெட்டியோட.

எதிர்ல வந்தவரு கொஞ்சம் இளையவரு. நாப்பத்தஞ்சு இருக்கும். கோட்டு தோள்ல கச்சிதமா உக்காந்திருந்துச்சு. தலைய ஒரு பக்கமா சாய்ச்சு நடந்தாரு, காது போனவங்க நடக்கற மாதிரி. வலது கைய முதுகுக்குப் பின்னாடி வச்சிருந்தாரு.

“வாயத் திறங்க” அப்படின்னாரு நடுநிலை அதிகாரி. ரெண்டு வாயும் திறந்துச்சு. “சமன். காது. சமன். வலது கைய நீட்டுங்க.”

தையல்காரர் நீட்டினாரு. அஞ்சு விரல்.

அவரும் நீட்டினாரு. மணிக்கட்டோட முடிஞ்சிருந்துச்சு. மேல சுத்தியிருந்த துணியில பழைய ரத்தமும் புது ரத்தமும் இருந்துச்சு.

தையல்காரரம்மா தலையிலேர்ந்து நூல் பெட்டி கீழ விழுந்துச்சு. நூல்கண்டு எல்லாம் கோட்டத் தாண்டி ரெண்டு நாட்டுக்கும் உருண்டுச்சு.

“விரல்னுதானே சொன்னாங்க?” அப்படின்னு தையல்காரர் கேட்டாரு.

அந்த ஆளு சாதாரணமாத்தான் சொன்னாரு. ரெண்டு நாட்டுக்கும் பாஷை ஒண்ணுதான், அதனாலதான் இத்தனை வருஷமா ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கவே வசதியா இருந்துச்சு. “முதல்ல விரல்தான் எடுத்தாங்க, பாதி. அப்புறம் உங்க பக்கத்துலேர்ந்து கேள்வி வந்துச்சு. எந்தக் கணுன்னு. சரியா பண்ணலயோன்னு எங்காளுங்களுக்குப் பயம். அடி வரைக்கும் எடுத்தாங்க. மறுபடி கேள்வி. எங்கேர்ந்து எண்ணணும்னு. உள்ளங்கையில பாதி போச்சு. அப்புறம் எலும்பப் பத்தி ஒரு கேள்வி வந்துச்சு. இனிமே கேள்வியே வரக் கூடாதுன்னு...” கையத் தூக்கிக் காட்டினாரு. “யாருங்க அது, அவ்வளவு நுணுக்கமா கேட்டது?”

அந்தம்மா ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு நின்னாங்க.

நடுநிலை அதிகாரி பூதக்கண்ணாடியத் தாழ்த்தினாரு. “சமன் இல்ல.”

பிரிவுத் தலைவர் ஓடி வந்தாரு. “பத்து நிமிஷம் குடுங்க, ஐயா. பண்ணிடறோம். ஆளு வந்திருக்கார், பெட்டி வந்திருக்கு.” இடுக்கி இன்னும் தள்ளாடிக்கிட்டே பெட்டியத் திறந்தாரு. உளி இல்ல இந்தத் தடவ. சின்னக் கோடாலி. காவல்காரங்க தையல்காரரக் கல்லு மேல மண்டி போட வச்சு, கைய நீட்டிப் புடிச்சாங்க. அவர் கத்தல, உதைக்கல. கைய அவரே விரிச்சு வச்சாரு.

“இப்படியே பண்ண முடியாது” அப்படின்னாரு நடுநிலை அதிகாரி, குடைய இன்னொரு கைக்கு மாத்திக்கிட்டு. “குறைபட்டவர் புகார் குடுக்கணும். இதோ படிவம். கீழ வலது கட்டைவிரல் ரேகை.” எல்லாரும் அந்த ஆளோட கையப் பார்த்தாங்க. அதிகாரி தொண்டையக் கனைச்சுக்கிட்டாரு. “இடது வச்சாலும் ஏத்துக்கறோம். மை இருக்கு.”

மைப்பெட்டிய நீட்டினாங்க. ரெண்டு கப்பல்லயும் கம்பியில சாஞ்சுக்கிட்டு அறுநூறு பேர் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

அந்த ஆளு மண்டி போட்டிருந்தவரையே பார்த்தாரு. தரையில விரிஞ்சு கிடந்த கையப் பார்த்தாரு. வளையம் தேச்ச அந்த வழவழப்பு அவருக்குத் தெரியாதா? அவரோடதும் அப்படித்தானே இருந்திருக்கும். அப்புறம் இடது கையக் கோட்டுப் பைக்குள்ள விட்டுக்கிட்டாரு.

“மை வேண்டாங்க. கோட்டுல பட்டா போகாது.”

“நாட்டோட மானம்யா” அப்படின்னாரு பிரிவுத் தலைவர்.

“நல்ல துணிங்க இது” அப்படின்னாரு அந்த ஆளு. பையிலேர்ந்து கைய எடுக்கவே இல்ல.

புகார் இல்லாததால ‘சமன்’னு எழுதினாங்க.

பக்கம் மாறும்போது தையல்காரர் கிட்டப் போனாரு. அந்த ஆளுதான் பிரிவுத் தலைவரோட சாம்பல் கோட்ட முகவாயால காட்டி, “அது நீங்க வெட்டினதா?”ன்னு கேட்டாரு.

“ஆமாங்க.”

“காலர் நல்லா உக்காந்திருக்கு. ஆளுதான் சரியில்ல.”

அவ்வளவுதான் பேசினது. ரெண்டு கப்பலும் கிளம்பிடுச்சு.

சொந்த நாட்டுல இறங்கினதும் தையல்காரர நாலு நாள் ஒரு அறையில வச்சு அடிச்சாங்க. பட்டியல்ல இருக்கறவனுக்கு விரல் இல்ல, உனக்கு எப்படி வந்துச்சு, நீ யாரோட உளவாளின்னு. அப்புறம் விட்டுட்டாங்க. போரும் ஒரு வழியா முடிஞ்சுது. இப்ப ஒரு சின்னத் தெருவுல சின்னக் கடை. வீட்டுக்காரம்மா பட்டனுக்கு காஜா எடுத்துக் குடுக்கறாங்க. முன்ன மாதிரி பேசறதில்ல. துணி குடுக்க வர்றவங்க ‘எப்பங்க கிடைக்கும்’னு கேட்டாக்கூட உள்ள எந்திரிச்சுப் போயிடறாங்க.

தையல்காரர் ஒரு கொல்லர்கிட்ட சொல்லி இடது கைக் கத்திரி ஒண்ணு அடிச்சு வாங்கியிருக்காரு. அலகு மாறி இருக்கும், வளையம் இடது கட்டைவிரலுக்கு ஏத்தபடி சாஞ்சிருக்கும். கடையில அந்த மாதிரி கிடைக்காது. உறுத்துதான்னு பார்க்க மூணு மாசம் இடது கையாலயே வெட்டிப் பழகினாரு. ரெண்டு எடத்துல உறுத்துச்சு, தேய்க்கச் சொல்லி சரி பண்ணிட்டாரு. எண்ணெய் போட்டு, ஃபிளானல் துணியில சுத்தி, அலமாரியில இருக்கு. அனுப்பத்தான் முகவரி இல்ல. ஆபீஸ்ல கேட்டா எண் இருக்கு, பேர் இல்லங்கறாங்க.

அதனால இதப் படிக்கிறவங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க ஊர்ல, உங்க தெருவுல, மேல இடது பக்கம் ஒரு பல்லு இல்லாம, இடது காது பாதியா, வலது கை மணிக்கட்டோட நின்னுபோன, தையல் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா, அவர் இப்ப தச்சாலும் சரி, தைக்காட்டாலும் சரி, அவர் இருக்கற இடத்தக் கீழ எழுதுங்க. எந்தக் கணு, எத்தன இஞ்சுன்னெல்லாம் வேண்டாம். கேள்வி மட்டும் கேட்டுடாதீங்க, அந்தம்மாவும் இதப் படிப்பாங்க. பதில் மட்டும் எழுதுங்க.